அறுபதுக்கு முன்பே சாரத்தை விட்டு இறக்கப்படும் கொத்தனார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கோட்டைக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். முப்பத்தெட்டு ஆண்டுகளாகக் கட்டட வேலையில் இருக்கிறேன். முதலில் கலவைச் சட்டி சுமந்தேன், பிறகு கரண்டி பிடித்தேன், இப்போது பன்னிரண்டு பேரை வைத்துச் சிறிய வீடுகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துக் கட்டிக் கொடுக்கிறேன். அந்த வீடுகளில் பாதிக்கு மேல் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் புனலூர், அஞ்சல், கொட்டாரக்கரை வட்டாரங்களில் உள்ளவை. வயதான கட்டடத் தொழிலாளர்களின் நிலைமை குறித்துத் தங்கள் நாளிதழ் வழியாக இரு மாநில அரசுகளுக்கும், என்னைப் போன்ற ஒப்பந்ததாரர்களுக்கும், வீடு கட்டுவோருக்கும் சில செய்திகளைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

விடியற்காலை நாலரை மணிக்குச் செங்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கு யாராவது வந்து பார்த்தால், சிமென்ட் சாக்கில் கரண்டியையும் ரசமட்டத்தையும் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆரியங்காவு வழியாகப் போகும் வண்டிக்குக் காத்திருக்கும் ஆட்களைப் பார்க்கலாம். அவர்களில் ஐம்பதைக் கடந்தவர்கள் பலர் தலைக்கும் மீசைக்கும் மை பூசியிருப்பார்கள். மீசையின் ஓரத்தில் தோலிலும் அந்தக் கறுப்பு ஒட்டியிருக்கும். அழகுக்காக அவர்கள் பூசிக்கொள்வதில்லை. புனலூரிலோ கொட்டாரக்கரையிலோ ஆள் கூடும் சந்திப்பில் வேலைக்கு ஆள் எடுக்க வருபவர் முதலில் பார்ப்பது தலைமயிரை. நரை தெரிந்தால் அவருடைய பார்வை அடுத்தவரிடம் போய்விடும். சென்ற மாதம் ஒருவர் பேருந்துப் படியில் ஏறும்போது இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுத்துக்கொள்வதைப் பார்த்தேன். அதே மனிதர் புனலூரில் இறங்கியதும் நிமிர்ந்து, ஒரு கையை இடுப்பில் வைத்து, முழங்கால் வலி என்று ஒன்று உலகத்தில் இல்லாததுபோல நின்றார்.

இந்தப் பயணம் இன்று நேற்று தொடங்கியதன்று. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும்தான் இருந்தது. கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து 1904-இல் இங்கே ரயில் வந்துவிட்டது. வளைகுடாப் பணத்தில் கேரளத்தில் வீடுகள் எழும்பத் தொடங்கிய எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தப் பக்கத்துக் கொத்தனார்களும் சித்தாட்களும் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். அகலப்பாதை வேலைக்காக 2010-இல் புனலூர் ரயிலை நிறுத்தி 2018-இல் மீண்டும் விடும்வரை பேருந்திலேயே போய்வந்தார்கள். கூலி வித்தியாசம் அப்படி. ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி 2022-23-இல் நாட்டின் கிராமப்புறங்களில் ஒரு கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 393 ரூபாய். கேரளத்தில் 852 ரூபாய். அந்தக் கூலியில்தான் இங்கே பல வீடுகளில் பிள்ளைகள் படித்தார்கள், பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது. அன்று இருபது வயதில் போனவர்களில் கடைசியாகப் போனவர்களுக்கே இப்போது ஐம்பத்தைந்து, அறுபது வயதாகிறது.

இந்த வேலை உடம்பை என்ன செய்யும் என்பதைச் செய்தவர்கள் அறிவார்கள். சிமென்ட் மூட்டை ஐம்பது கிலோ. எட்டு அங்குல சாலிட் பிளாக் ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அதைக் குனிந்து எடுத்து, முதுகை முறுக்கி, நெஞ்சு உயரத்தில் வைத்து, தட்டி மட்டம் பார்க்க வேண்டும். நாள் முழுக்க இதே வேலை. ஈரச் சிமென்ட் கைவிரல் இடுக்கைப் புண்ணாக்கும். கூரைக்கு அடியில் பூச்சு வேலை செய்பவர் மணிக்கணக்கில் கழுத்தை அண்ணாந்தபடி நிற்பார். டைல்ஸ் ஒட்டுபவர் நாள் முழுவதும் முழங்காலில் நகர்வார். ஐம்பது வயதுக்கு முன்பே தோளும் முழங்காலும் நடுமுதுகும் தேய்ந்துவிடுகின்றன. தொழில் தெரிந்த கண்ணும் கையும் அப்போதுதான் முற்றித் தேர்ந்திருக்கின்றன.

சட்டமோ அறுபதைத்தான் பார்க்கிறது. 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டப்படி பதினெட்டிலிருந்து அறுபது வயது வரை, கட்டடத் தொழிலாளர்களுக்கு உதவிகள் தரும் மாநில நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் குறைந்தது 90 நாட்கள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். ஓராண்டில் அந்த 90 நாள் வேலை இல்லாது போனால் பயனாளி என்ற தகுதியும் போய்விடும். அறுபது வயது நிறைவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பயனாளியாக இருந்தவருக்கே அறுபதுக்குப் பிந்தைய பலன்கள் உண்டு. 2020-இல் இயற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த வயது வரம்பும் 90 நாள் விதியும் அப்படியே இருக்கின்றன. ஐம்பத்தைந்தில் வேலையிடத்திலிருந்து அனுப்பப்படும் கொத்தனார், ஓய்வூதியத்துக்கு மிகவும் முக்கியமான அந்தக் கடைசி மூன்று ஆண்டுகளில்தான் 90 நாள் கணக்கைக் காட்ட முடியாமல் வாரியத்தின் பதிவு அட்டையை இழக்கிறார். உழைத்த முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு பக்கம் கிடக்க, உழைக்க விடாத மூன்று ஆண்டுகள் அவருடைய முதுமையைத் தீர்மானிக்கின்றன.

இப்படி ஒருவரை அனுப்பியவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுத்தந்த அண்ணாச்சி ஒருவர் உண்டு. 2019-இல் அவருக்கு ஐம்பத்தாறு வயது. அஞ்சல் பக்கத்தில் இரண்டு மாடி வீடு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவர் சாரத்தில் ஏறும்போது கால் நடுங்கியதைப் பார்த்த வீட்டுக்காரர், “மேசிரிக்கு ஏதாவது ஆனால் நான் பதில் சொல்ல முடியாது” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அன்று மாலையே அண்ணாச்சியிடம் கணக்கு முடித்து, “கொஞ்ச நாள் ஓய்வெடுங்க அண்ணாச்சி, கூப்பிடறேன்” என்றேன். அவர் கரண்டியைக் கழுவி, துடைத்து, சாக்கில் சுற்றிக்கொண்டு, “சரி தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் கூப்பிடவில்லை. கீழே நின்று செய்யும் வேலைகளை அவருக்குத் தந்திருக்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. பெயர்ந்த டைல்ஸை ஒட்டுவது, விரிந்த சுவரை அடைப்பது, கழிவுநீர்த் தொட்டிக்கு மூடி போடுவது என்று மலைக்கு அப்பால் வீடு வீடாகப் போய்ச் செய்தார். அது கட்டட வேலைதான். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு நாள், இன்னொரு வீட்டில் அரை நாள் என்று செய்த வேலைக்கு 90 நாள் சான்று யார் தருவார்கள்? வேறு மாநிலத்தில் தமிழ் படிக்கத் தெரியாத வீட்டுக்காரரிடம் தமிழ்நாட்டு வாரியத்தின் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்க அவருக்குக் கூச்சம். அட்டை காலாவதியானது. இடையில் கொரோனாக் காலத்தில் எல்லையே அடைத்துக் கிடந்தது. 2023-இல் அறுபது நிறைந்ததும் அலுவலகத்துக்குப் போனார். நானும் உடன் போனேன். பன்னிரண்டு ஆண்டுகள் பதிவில் இருந்த அட்டையை எடுத்து வைத்தார். அங்கிருந்த அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் தொடர்ச்சி விட்டுப்போனதால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். திரும்பி வரும்போது பேருந்தில் அண்ணாச்சி அந்த அட்டையைச் சட்டைப் பையிலிருந்து மூன்று முறை எடுத்துப் பார்த்தார். கிடைத்திருந்தால் மாதம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். பெரிய தொகை ஒன்றுமில்லை, மாத்திரைச் செலவுக்கு ஆகும். அதற்கும் அவர் இப்போது மகனிடம் கையேந்துகிறார்.

இதில் மாநில எல்லை ஒரு தனிச் சிக்கல். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் நல வரி வசூலிக்கிறார்கள். அண்ணாச்சி கட்டிய வீடுகளுக்கான வரி போய்ச் சேர்ந்தது கேரள வாரியத்துக்கு. அவருடைய பதிவு இருந்தது தமிழ்நாட்டு வாரியத்தில். வேலை அங்கே, அட்டை இங்கே என்றே ஆண்டுகள் ஓடிவிட்டன. கேரள அரசு வெளிமாநிலத் தொழிலாளர்களை மறந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். 2010-இல் அவர்களுக்கென்று ஒரு நலத் திட்டமும் 2017-இல் ‘ஆவாஸ்’ காப்பீட்டுத் திட்டமும் கொண்டுவந்த மாநிலம் அது. அந்தக் காப்பீடும் அறுபது வயதோடு முடிகிறது. அங்கே அவர்கள் நம்மை ‘விருந்தினர் தொழிலாளர்’ என்று மதிப்போடு அழைக்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு ஊரின் சுவர்களை எழுப்பியவர் எத்தனை நாளைக்கு விருந்தினராகவே இருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போன கட்டடத் தொழிலாளிக்கு, அவர் இப்போது வேலை செய்யும் மாநிலத்தின் வாரியமே பலன் தரவேண்டும் என்று புதிய சட்டத் தொகுப்பு சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் காலையில் போய் இரவு திரும்புகிறவரும், ஒரு மாதம் தென்காசியிலும் அடுத்த மாதம் கொட்டாரக்கரையிலும் வேலை செய்பவரும் எந்த வாரியத்தின் ஆள் என்பதை இரு மாநிலங்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யாவிட்டால், அந்த விதி ஏட்டோடு நின்றுவிடும். எங்கே வேலை செய்த நாளாக இருந்தாலும் 90 நாளில் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரியங்களிலும் பதிவில் இருந்த ஆண்டுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 1996 சட்டத்தின்படி சந்தா கட்டத் தவறியவர்கூடத் தக்க காரணம் காட்டி, பாக்கியைக் கட்டிப் பதிவை மீட்டுக்கொள்ள வழி இருந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர் வேலை கிடைக்காததால் 90 நாள் காட்ட முடியாமல் போவதையும் அதே கண்ணோடு தக்க காரணமாக ஏற்றால், அண்ணாச்சியைப் போன்றவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிராது.

இன்னொன்றையும் அரசு கவனிக்க வேண்டும். முன்பு பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டுக்குத்தான் நல வரி விலக்கு இருந்தது. புதிய தொகுப்பில் அந்த வரம்பு ஐம்பது லட்சம். எங்களைப் போன்றவர்கள் எல்லைப் பகுதியில் கட்டுவது பெரும்பாலும் அந்த ஐம்பது லட்சத்துக்குள் அடங்கும் வீடுகள்தாம். வீடு கட்டுவோருக்கு அது நிம்மதி தரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாரியத்துக்கு வரும் பணம் குறைந்தால் அதை எங்கிருந்து ஈடுசெய்வது என்பதற்கும் ஒரு விடை வேண்டும். 2019-இல் வந்த மத்திய அரசின் ஷ்ரம் யோகி மான்தன் ஓய்வூதியத் திட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சேர முடியாது. ஆகவே இன்று ஐம்பதைக் கடந்த கொத்தனார் யாருக்கும் அது உதவாது. அவர்களுக்கு மிஞ்சியிருப்பது வாரியம் ஒன்றுதான்.

அரசைக் கேட்பதோடு எங்கள் கடமை முடிந்துவிடாது. ஐம்பதைக் கடந்த கொத்தனாருக்கு வேலையிடத்தில் தகுந்த வேலை இல்லை என்று நாங்கள் சொல்வது உண்மையன்று. சுவரைத் தூரத்தில் நின்று பார்த்தே “கிழக்கு மூலையில் அரை அங்குலம் சாய்ந்திருக்கு” என்று அண்ணாச்சி சொல்வார். தூக்குக்குண்டு போட்டால் அதேதான் இருக்கும். வார்ப்பு முடிந்து ஐந்தாம் நாள், வாடகைப் பலகையைத் திருப்பிக் கொடுக்கும் அவசரத்தில் இளைஞர்கள் முட்டுகளைக் கழற்றப் போனபோது, “தொடாதீங்க, கான்கிரீட்டு இன்னும் பச்சை” என்று குறுக்கே நின்றவர் அவர். நாலரை மீட்டர் வரையிலான தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேற்பட்ட நீளத்துக்கு 14 நாளும் முட்டு நிற்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் விதி என்பதை நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் படித்தவரில்லை, அவருக்கு அது கையில் இருந்தது. இன்று எங்களோடு வேலை செய்யும் இளைஞர்களில் பலர் வங்காளம், ஒடிசா, அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வேகமும் உழைப்பும் உள்ளவர்கள். மூலைமட்டம் பிடிக்கவும், கலவையில் தண்ணீரின் அளவைக் கையில் உருட்டிப் பார்க்கவும், சுவருக்கு எத்தனை நாள் நனைக்க வேண்டும் என்று சொல்லவும் அவர்களுக்கு அருகில் ஓர் அனுபவக்காரர் தேவைப்படுகிறார்.

அண்ணாச்சியின் அட்டைக் கதைக்குப் பிறகு என் வேலையிடத்தில் சில மாற்றங்களைச் செய்தேன். ஐம்பதைக் கடந்த யாரையும் ஏணியில் ஏற்றுவதில்லை. பலகைப் படியும் கைப்பிடிக் கம்பியும் உள்ள சாரத்தில், ஆள் உயரத்துக்கு உட்பட்ட வேலையை மட்டும் தருகிறேன். பிளாக்கைத் தரையில் கொட்டாமல் இடுப்பு உயர மேடையில் அடுக்கச் சொல்கிறேன். குனியும் வேலை பாதியாகக் குறைந்தது. மூட்டையை இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். மேல் மாடிக்குக் கலவை ஏற்ற மோட்டார் வைத்த சிறு தூக்கி வாங்கினேன். கதவு நிலை வைப்பது, மட்டம் பார்ப்பது, கம்பி கட்டியதைச் சரிபார்ப்பது, டைல்ஸ் இடுக்கை நிரப்பக் கிரவுட் இடுவது, தண்ணீர் நனைப்பைக் கவனிப்பது ஆகியவை மூத்தவர்களின் வேலைகள். கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை. குறைத்தால் அவர்களே வெட்கப்பட்டுத் திரும்ப மூட்டை தூக்கப் போய்விடுவார்கள். இதனால் எனக்கு நட்டம் ஏற்படவில்லை. சுவரை இடித்துத் திரும்பக் கட்டும் வேலை எங்களிடம் அநேகமாக நின்றுபோனது. ஒவ்வொரு மாதமும் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று நோட்டில் எழுதி நானே கையெழுத்திட்டுத் தருகிறேன். ஒப்பந்ததாரர்கள் எல்லோரும் இந்த ஒன்றையாவது செய்தால் 90 நாள் சான்றுக்கு யாரும் அலைய வேண்டியதில்லை.

வெயிலைப் பொறுத்தவரை கேரளம் செய்வதை நம் பக்கத்திலும் செய்யலாம். அங்கே கோடைக் காலத்தில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் நின்று செய்யும் வேலையை நிறுத்தி ஓய்வு தரவேண்டும் என்று ஆண்டுதோறும் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. ஐம்பது வயதுக்காரரின் உடம்பு சித்திரை வெயிலை எப்படித் தாங்கும் என்பதற்கு மலையின் எந்தப் பக்கம் என்ற கணக்கு கிடையாது. நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடல் பரிசோதனை என்று புதிய சட்டத் தொகுப்புகளை அறிவித்தபோது மத்திய அரசு சொன்னது. அது பெரிய நிறுவனங்களின் வாசலோடு நின்றுவிடாமல், காலையில் சந்திப்பில் நின்று ஆள் எடுக்கப்படும் கூலிக்காரருக்கும் கிடைக்க வேண்டும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனமில்லை. சித்தாளாக வேலைக்கு வரும் ஆண், நாலைந்து வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். சித்தாளாக வரும் பெண் முப்பது வருடம் கழித்தும் சித்தாளாகவே இருக்கிறாள். ஆகவே முதுமை அவளை மிகக் கடினமான வேலையில், தலைச்சுமையில் வைத்தே பிடிக்கிறது. எங்களிடம் ஐம்பத்திரண்டு வயதில் ஓர் அக்கா இருக்கிறார். சேலைத் தலைப்பைச் சும்மாடாகச் சுருட்டி, கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றும்போது அவர் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வார். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். சென்ற ஆண்டு அவர் கையில் கரண்டியைக் கொடுத்துப் பூச்சுக்கு மெழுகவும் டைல்ஸ் இடுக்கை நிரப்பவும் பழக்கினோம். ஒரே மாதத்தில் பிடிபட்டுவிட்டது. இதை இருபது ஆண்டுகளுக்கு முன்பே யாராவது செய்திருக்க வேண்டும். வாரியங்கள் நடத்தும் திறன் பயிற்சியில் முப்பது, நாற்பது வயதுப் பெண்களுக்குக் கொத்து வேலையும் பூச்சு வேலையும் கற்றுத்தந்து, பயிற்சி நாட்களுக்குக் கூலியும் தந்தால், அவர்கள் ஐம்பதில் சட்டி சுமக்க வேண்டியிராது.

நிறைவாக ஒரு குறிப்பிட்ட வேண்டுகோள். இரு மாநில வாரிய அலுவலகங்களும் திறந்திருக்கும் நாட்களில் எங்கள் ஆட்கள் வேலையில் இருக்கிறார்கள். அட்டை புதுப்பிக்க ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகிறது, படிவத்தில் ஒரு தாள் குறைந்தால் இன்னொரு நாளும் போகிறது. அவர்கள் எல்லோரும் ஊரில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு செங்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே, தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு வாரியங்களின் அலுவலர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்து, பதிவு, புதுப்பிப்பு, 90 நாள் சான்று, விட்டுப்போன பதிவை மீட்டல் ஆகியவற்றை அங்கேயே முடித்துத் தரும் முகாம் ஒன்றை நடத்த வேண்டும். படிவங்கள் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். குமுளி, களியக்காவிளை, வேலந்தாவளம் போன்ற மற்ற எல்லை ஊர்களுக்கும் இது பொருந்தும். இடம், நாற்காலி, குடிநீர் ஆகிய ஏற்பாடுகளை எங்கள் வட்டாரத்து ஒப்பந்ததாரர்கள் சேர்ந்து செய்து தர ஆயத்தமாக இருக்கிறோம். முதல் முகாமுக்கு அண்ணாச்சியை நானே கைப்பிடித்து அழைத்து வருவேன். அந்தப் பழைய அட்டையை அவர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
கட்டட ஒப்பந்ததாரர்,
செங்கோட்டை வட்டம், தென்காசி மாவட்டம்.